கழுத்தில் கருகிய தேக்கு: ரோட்டரி வேகத்தில் நடந்த ஒரு குழப்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி வட்டாரத்தில் சி.என்.சி. மர ரவுட்டர்களுக்கு (கணினி நிரல்படி மரத்தைச் செதுக்கும் மெஷின்களுக்கு) சர்வீஸ் செய்வதும், ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. ரோட்டரி (கம்பத்தைப் பிடித்துச் சுற்றும் கருவி) மாட்டிய பட்டறைகளில் திரும்பத் திரும்ப ஒரே கோளாறைப் பார்க்கிறேன். நல்ல தேக்கு வீணாகிறது, மெஷின் ஓட்டும் பையன் திட்டு வாங்குகிறான், ஆனால் காரணத்தை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதில்லை. அதனால்தான் ஒரு பட்டறையில் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். ஆட்கள் பெயர் வேண்டாம்.

பட்டறை காட்பாடி பக்கம். கதவு, நிலை, பூஜையறைக் கதவு என்று தட்டை வேலைதான் அவர்களுக்குப் பல வருடப் பழக்கம், அதில் கை நன்றாக வந்துவிட்டது. பிறகு அதே மெஷினின் ஓரத்தில் ஒரு ரோட்டரி மாட்டினார்கள். படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார், 50:1 ஹார்மோனிக் கியர்பாக்ஸ் (மோட்டார் 50 சுற்று சுற்றினால் கம்பம் ஒரு சுற்று), ஒரு முனையில் கம்பத்தைக் கவ்விச் சுற்றும் சக், மறுமுனையில் அதை முட்டித் தாங்கும் டெயில்ஸ்டாக். மெஷினை ஓட்டும் கையடக்க டி.எஸ்.பி. கன்ட்ரோலரில் எக்ஸ் (கம்பத்தின் நீளவாக்கு), ஒய் (குறுக்குவாக்கு), இசட் (மேல்-கீழ்) தவிர நாலாவது அச்சு கிடையாது. அதனால் இங்கே பெரும்பாலான பட்டறைகள் செய்வதையே இவர்களும் செய்தார்கள்: ஒய் மோட்டாரின் வயரைக் கழற்றி ரோட்டரி மோட்டாருக்குக் கொடுப்பது, கட்டரைத் தாங்கும் ஒய் பாலத்தைக் கம்பத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே நிறுத்திப் பூட்டிவிடுவது. கன்ட்ரோலருக்கு ரோட்டரி சுற்றுவது தெரியாது, ஒய் திசையில் ஏதோ நேராக நகர்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும்.

வந்த வேலை, குடியாத்தத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மாடிப்படிக்கு 36 தேக்குக் கம்பங்கள். 900 மி.மீ. நீளம், 90 மி.மீ. சதுரம். மேலும் கீழும் சதுரமாகவே நிற்கும், நடுவில் 640 மி.மீ. தூரத்துக்குத்தான் வேலைப்பாடு: 84 மி.மீ. விட்டத்தில் ஒரு குடம், 60 மி.மீ. விட்டத்தில் கயிறு முறுக்கு, முறுக்குக்கு மேலும் கீழும் 28 மி.மீ. விட்டத்தில் ஒடுங்கிய இரண்டு கழுத்து. வெறும் உருட்டாக இருந்திருந்தால் கடைசல் பட்டறைக்கே கொடுத்திருப்பார்கள். முறுக்கு இருந்ததால் சி.என்.சி.க்கு வந்தது.

நாங்கள் பார்த்தது

நான் போனபோது நாலு கம்பங்கள் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. குடம் நாலிலும் அழகாக வந்திருந்தது. கழுத்து இரண்டும் பழுப்பேறி, சில இடத்தில் கன்னங்கரேலென்று கருகியிருந்தன. முறுக்கில் அலை அலையாக அதிர்வுக் கோடு. ஒரு கம்பத்தில் சதுரம் முடிந்து உருட்டு தொடங்கும் இடத்தில் மூலை பெயர்ந்து போயிருந்தது.

உரிமையாளர் முதலில் கட்டரைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். அது நியாயமான சந்தேகம், தேக்கில் மணல் சத்து உண்டு, கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். புதிய 6 மி.மீ. உருண்டை முனை கார்பைட் கட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அடுத்த கம்பமும் அதே இடத்தில் கருகியது. கட்டர் மழுங்கியிருந்தால் கம்பம் முழுக்கக் கருகல் தெரிய வேண்டும், கழுத்தை மட்டும் தேடிப் போய் கருகாது.

ஓட்டுகிற பையன் அதற்குள் இன்னொன்றும் செய்து பார்த்திருந்தான். கருகுகிறதே என்று ஃபீடை, அதாவது வெட்டிக்கொண்டே நகரும் வேகத்தை, 40 சதவீதத்துக்கு இறக்கியிருந்தான். "மெதுவா விட்டா இன்னும் மோசமா கருகுதுண்ணா, மூணு மணி நேரம் வேற ஆவுது" என்றான். அவன் சொன்ன அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருந்தது, கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஐந்தாவது கம்பத்தை முழு ஃபீடில் என் எதிரிலேயே ஓடவிட்டு, தூசு உறிஞ்சும் குழாயை மட்டும் கழற்றச் சொன்னேன். ஒரு நிகழ்வை ஆராய்வதற்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. குடத்தில் ஓடும்போது சின்னச் சின்ன சீவலாக விழுந்தது, கையில் எடுத்தால் சூடில்லை. கழுத்துக்கு வந்ததும் சீவல் நின்று மஞ்சள்தூள் மாதிரி மாவாகக் கொட்டியது, கட்டரின் சத்தமும் கீச்சென்று மாறியது. கட்டர் மரத்தைச் சீவவில்லை, தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்த்தால் சூடு, சூடேறினால் கருகல்.

அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பல வருடம் கடைசல் வேலை பார்த்த ஆசாரி, இப்போது பட்டறையில் மெருகு வேலை மட்டும் செய்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழுத்துகிட்ட வந்தா ஓட்டத்த ஏத்தணும் நைனா, நீங்க கொறச்சிகினு கீறீங்க." கடைசலில் விட்டம் சிறுக்கச் சிறுக்கச் சுற்றைக் கூட்டுவார்கள். கடைசலில் மரம் சுற்றுவதுதான் வெட்டும் வேகம், ரவுட்டரில் கட்டர் சுற்றுவது வெட்டும் வேகம், மரம் சுற்றுவது ஃபீட். இரண்டும் வேறு வேறு. ஆனால் விட்டம் சிறுத்தால் அதே சுற்றில் மரத்தின் மேற்பரப்பு குறைந்த தூரமே நகரும் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது. பெரியவர் கைப்பழக்கத்தில் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம்.

கணக்கு

கன்ட்ரோலரில் ஒய் அச்சின் பல்ஸ் எண்ணை (ஒரு மி.மீ. நகர மோட்டாருக்கு எத்தனை துடிப்பு அனுப்புவது என்ற எண்ணை) 90 மி.மீ. விட்டத்துக்கு வைத்திருந்தார்கள். அதன் சுற்றளவு 282.7 மி.மீ. எஃப் 3000 (நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஃபீட்) என்று கொடுத்தால் நிமிடத்துக்கு 10.6 சுற்று. இந்தச் சுற்று எண் கம்பம் முழுக்க மாறாது, விட்டம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

84 மி.மீ. குடத்தில் மேற்பரப்பு நிமிடத்துக்கு 2800 மி.மீ. நகர்கிறது. 60 மி.மீ. முறுக்கில் 2000. 28 மி.மீ. கழுத்தில் வெறும் 933. திரையில் எல்லா இடத்திலும் 3000 என்றே காட்டும்.

இனி பல் ஒன்றுக்கு எவ்வளவு மரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபீடை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மற்றும் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வந்துவிடும். கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டில் 18000 ஆர்.பி.எம்., கட்டரில் இரண்டு பல், ஆக நிமிடத்துக்கு 36000 வெட்டு. குடத்தில் ஒரு வெட்டுக்கு 0.078 மி.மீ., முறுக்கில் 0.056, கழுத்தில் 0.026. இந்த மாதிரி 6 மி.மீ. கட்டருக்குத் தேக்கில் முடிப்பு வேலையில் 0.05 முதல் 0.1 வரை வைத்தால் சீவல் வரும் என்பது நாங்கள் நடைமுறையில் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு. பையன் 40 சதவீதத்துக்கு இறக்கியபோது கழுத்தில் 0.01தான் மிஞ்சியது. அந்த அளவில் பல்லின் விளிம்பு மரத்துக்குள் இறங்காமல் மேலே வழுக்கிக்கொண்டு போகும். மெதுவாக்க மெதுவாக்கக் கருகல் கூடியது இதனால்தான், பையனின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

மூலை பெயர்ந்ததற்கும் இதே கணக்குதான், திசை மட்டும் எதிர். 90 மி.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 127 மி.மீ. அங்கே 3000 என்பது உண்மையில் 4240. அதுவும் தொடர்ந்து வெட்டாமல், ஒரு சுற்றுக்கு நாலு முறை மூலை வந்து கட்டரில் மோதுகிறது.

அதிர்வுக்கு வேகத்தோடு சம்பந்தம் குறைவு. அவர்களுடைய நிரல் முதலில் முழுக் கம்பத்தையும் கடா வெட்டு (முதல் முரட்டு வெட்டு) வெட்டி, கழுத்தையும் 29 மி.மீ. வரை குறைத்துவிட்டு, அப்புறம்தான் முறுக்கின் முடிப்பு வெட்டுக்கு வந்தது. இரண்டு ஒல்லிக் கழுத்துகளுக்கு நடுவே முறுக்கு தொங்கிக்கொண்டிருக்கும்போது கட்டர் தொட்டால் ஆடாமல் என்ன செய்யும்? கம்பியோ கம்போ வளையாமல் நிற்கும் பலம் விட்டத்தின் நாலாம் அடுக்கைப் பொறுத்தது. 40 மி.மீ. கழுத்தோடு ஒப்பிட்டால் 28 மி.மீ. கழுத்துக்குக் கால் பங்கு விறைப்புதான். ஆட்டத்தை நிறுத்த டெயில்ஸ்டாக்கை இன்னும் முறுக்கியிருந்தார்கள், அது கம்பத்தை நடுவில் லேசாக வில்லாக வளைத்து நிலைமையை மோசமாக்கியது.

எடுத்த முடிவுகள்

உரிமையாளருக்கு முதலில் தோன்றியது, கழுத்தில் ஃபீடை மூன்று மடங்காக ஏற்றிவிட்டால் போதுமே என்பது. கணக்குப்படி சரி. ஆனால் கியர்பாக்ஸ் 50:1. சக் 10.6 சுற்று சுற்றும்போதே மோட்டார் 530 ஆர்.பி.எம். ஓடுகிறது. மூன்று மடங்கு என்றால் 1590. ஸ்டெப்பர் மோட்டாருக்கு வேகம் ஏற ஏற முறுக்குவிசை இறங்கும், அந்த வேகத்தில் ஸ்டெப்பை விட்டுவிடும். நம்பாமல் ஒரு கழிவுக் கட்டையில் 200 சதவீதம் ஓட்டிப் பார்த்தோம். மோட்டார் உறுமியது, முறுக்கின் கோடு தொடங்கின இடத்தில் வந்து சேராமல் ஒரு விரல்கடை தள்ளி நின்றது. டி.எஸ்.பி.க்கு மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டது தெரியாது, எந்த எச்சரிக்கையும் வராது, கம்பம் கெட்ட பிறகுதான் நமக்கே தெரியும். 150 சதவீதத்தில் தடங்கலில்லாமல் ஓடியது.

ஆக ஃபீடில் பாதி, ஸ்பிண்டிலில் பாதி என்று முடிவு செய்தோம். கழுத்துக்கு மட்டும் தனி நிரல் பிரித்து எஃப் 4500 கொடுத்தோம், உண்மையில் அது 1400 மி.மீ. ஸ்பிண்டிலை 18000இலிருந்து 12000 ஆர்.பி.எம்.முக்கு இறக்கினோம். 1400ஐ 24000ஆல் வகுத்தால் 0.058. சீவல் வரும் அளவுக்குள் வந்துவிட்டது. இவர்களுடையது தண்ணீர் குளிரூட்டும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், 12000இல் ஓடினால் பிரச்சினை இல்லை. தன் தண்டிலேயே மின்விசிறி உள்ள காற்றுக் குளிரூட்டும் ஸ்பிண்டில் என்றால் ஆர்.பி.எம். இறங்கும்போது விசிறியும் மெதுவாகும், ரொம்ப இறக்கி நெடுநேரம் ஓட்டினால் ஸ்பிண்டில் சூடேறும், அங்கே இதே எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது.

கடா வெட்டை முழுக்க நீளவாக்கில் மாற்றினோம். கட்டர் எக்ஸ் திசையில் ஓடும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கம்பம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். இப்படி ஓடும்போது ஃபீடுக்கும் விட்டத்துக்கும் உறவே இல்லை, எஃப் 4000 என்றால் மூலையிலும் கழுத்திலும் 4000தான். 12 மி.மீ. தட்டை முனைக் கட்டர், 16000 ஆர்.பி.எம்., வெட்டுக்கு 0.125 மி.மீ. முடிப்பையும் ஏன் நீளவாக்கிலேயே ஓட்டக்கூடாது என்று பையன் கேட்டான், நல்ல கேள்வி. கோடு மர ரேகையோடு போவதால் உப்புத்தாள் தேய்ப்பதும் சுலபம். ஆனால் இந்த வடிவத்தில் குடத்தின் அடியிலும் கழுத்தின் வளையங்களிலும் செங்குத்துச் சரிவு அதிகம், இசட் அச்சு ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கித் தவிக்கும். அதனால் குடத்துக்கும் முறுக்குக்கும் கழுத்துக்கும் முடிப்பைச் சுற்றுவாக்கிலேயே வைத்துக்கொண்டோம்.

வரிசையையும் மாற்றினோம். கடா வெட்டில் கழுத்தை 40 மி.மீ.யிலேயே நிறுத்திவிடுவது, குடத்தையும் முறுக்கையும் முழுதாக முடிப்பது, கழுத்தைத் தொடுவது கடைசியில், அதிலும் டெயில்ஸ்டாக் பக்கத்துக் கழுத்து முதலில், சக் பக்கத்துக் கழுத்து பிறகு. டெயில்ஸ்டாக்கை ஆட்டமில்லாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முறுக்கினோம்.

ஒன்றை வேண்டாம் என்று விட்டோம். உருண்டை முனையின் நுனியில் வெட்டும் வேகம் பூஜ்யம், அதனால் ஒய் பாலத்தை நடுக்கோட்டிலிருந்து 1 மி.மீ. தள்ளிப் பூட்டினால் நுனி தப்பிக்கும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் 28 மி.மீ. கழுத்தில் தொடுபுள்ளி நுனியிலிருந்து 0.18 மி.மீ.தான் நகர்கிறது. அதற்காகப் பூட்டைக் கழற்றி மறுபடி மையம் பிடிக்கும் பாடு வேண்டாம்.

பிறகு நடந்தது

மாற்றிய முதல் கம்பத்தில் கருகல் இல்லை. கழுத்தில் சீவல் விழுந்ததைப் பையன் கையில் ஏந்திப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினான், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மூலை பெயர்வது நின்றது. முறுக்கின் அதிர்வுக் கோடு பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் முழுதாகப் போகவில்லை. சக்கிலிருந்து தள்ளியிருந்த கடைசி இரண்டு புரியில் லேசான அலை மிஞ்சியது. மரத்தாலேயே ஒரு தாங்கு கட்டை செய்து, முறுக்கு தொடங்குமுன் உள்ள வளையத்தின் அடியில் மெழுகு தடவி முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள், இன்னும் கொஞ்சம் குறைந்தது. மிச்சத்தை உப்புத்தாளில் பெரியவர் பார்த்துக்கொண்டார்.

நேரத்தில் பெரிய லாபம் இல்லை. முழு ஃபீடில் முடிப்பு வெட்டுக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆனது, இப்போது அதில் சில நிமிடம் குறைவு, அவ்வளவுதான். 40 சதவீதத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியதோடு ஒப்பிட்டால்தான் பெரிய வித்தியாசம்.

முறுக்கின் ஒவ்வொரு புரியிலும் ஒரு பக்கம் நைசாகவும் மறுபக்கம் நாராகப் பிய்ந்தும் வந்தது. இது வேகத்தால் வந்ததல்ல. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்டினால் நாருக்கு அடியில் தாங்கல் இருக்கும், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் நார் கிளம்பும், கடைசல்காரர்கள் இதை உளியிலேயே கற்றவர்கள். முடிப்பு வெட்டுக்கு விடும் கனத்தை 1 மி.மீ.யிலிருந்து 0.4க்குக் குறைத்ததும் நார் பெரிதும் அடங்கியது.

நான் போகும்முன் கருகிய நாலில் இரண்டைச் சுரண்டித் தேய்த்துக் காப்பாற்றினார்கள், கழுத்து ஒரு மி.மீ. மெலிந்துபோனதால் அவற்றைப் படியின் இரு கோடியில் சுவரோரமாக வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் சொல்லியே கொடுத்தார்கள். மற்ற இரண்டும் வீண்.

உப்புத்தாள் தேய்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, இங்கே பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். கம்பத்தை ரோட்டரியிலேயே சுற்றவிட்டுத் தேய்க்கும்போது ஸ்பிண்டில் அணைந்திருக்க வேண்டும், கட்டரைக் கழற்றியிருக்க வேண்டும், தோளில் துண்டு இருக்கக் கூடாது. முறுக்கின் பள்ளம் துணியைப் பிடித்தால் விடாது. கருகல் விஷயத்திலும் அழகு மட்டும் பிரச்சினை இல்லை. கழுத்தில் கொட்டிய அந்த மாவு சூடாக உறிஞ்சு பைக்குள் போகிறது, ஒரு கங்கு சேர்ந்து போனால் பை இரவில் புகைய ஆரம்பிக்கும். கருகல் வாசனை வந்த நாளில் பையை வெளியே கொட்டிவிட்டுத்தான் பட்டறையைப் பூட்ட வேண்டும் என்று பையனிடம் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி மாற வேண்டியவை

இந்த வேலைக்குக் கழுத்து நிரலைக் கையால் பிரித்தோம். 36 கம்பமும் ஒரே வடிவம் என்பதால் கட்டுபடியானது. கம்பத்துக்குக் கம்பம் வடிவம் மாறினால் இது நடக்காது. அப்போது உண்மையான சுழல் அச்சு உள்ள கன்ட்ரோலரும், ஜி93 என்ற கட்டளையை எழுதித் தரும் போஸ்ட்பிராசஸரும் (வெட்டுப் பாதையை மெஷின் மொழியில் எழுதும் மென்பொருள்) வேண்டும். ஜி93இல் எஃப் என்பது தூரமல்ல, அந்த வரியை முடிக்க வேண்டிய நேரத்தின் தலைகீழ் (ஒன்றை நிமிடத்தால் வகுத்தது). 28 மி.மீ. கழுத்தில் 10 டிகிரி திரும்பினால் வில்லின் நீளம் 2.44 மி.மீ., அதை 1400 வேகத்தில் ஓட்ட எஃப் 573. அதே 10 டிகிரி குடத்தில் வேறு எண். ஒவ்வொரு வரிக்கும் எஃப் எழுதியே ஆக வேண்டும், மென்பொருள்தான் அதைச் செய்ய முடியும்.

வாங்குவதற்கு முன் கன்ட்ரோலர் எஃப் எண்ணை எப்படிப் படிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. லினக்ஸ்சி.என்.சி. என்ற கன்ட்ரோலர் மென்பொருளின் வழக்கமான ஃபீட் முறையில், சுழல் அச்சு மட்டும் நகரும் வரியில் எஃப் என்பது நிமிடத்துக்கு எத்தனை டிகிரி, எக்ஸ், இசட்டும் சேர்ந்து நகர்ந்தால் அவற்றின் நீளத்துக்கு மட்டும் எஃப், சுழல் அச்சு கூடவே ஓடி வரும். எக்ஸ் ஒரு துளி நகர்ந்து சுழல் அச்சு நிறையத் திரும்பும் வரியில் அது தன் உச்ச வேகத்துக்குப் பாயும். தெரியாமல் ஓட்டினால் மரமும் போகும் கட்டரும் போகும்.

உரிமையாளர் இப்போதைக்குக் கன்ட்ரோலர் மாற்றவில்லை, செலவைப் பார்க்கிறார், அது அவர் பாடு. ஆனால் அடுத்த வேலைக்குப் பல்ஸ் எண்ணை 90க்குப் பதில் 60 மி.மீ. விட்டத்துக்கு வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். வைக்கலாம், கணக்கின் நடுப்புள்ளி நகரும், குடத்தில் திரையில் காட்டும் எஃப்பைவிடக் கூடுதலாக ஓடும், கழுத்தில் அதைவிடக் குறைவாக ஓடும், ஆனால் இரண்டுக்கும் இடையிலான மூன்று மடங்கு வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். கம்பத்தின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்துப் போடும் படத்தின் அகலத்தையும் 188.5 மி.மீ.க்கு மாற்ற வேண்டும், மறந்தால் முறுக்கு சேராது. அதைவிட, 28 மி.மீ. கழுத்தை 34 ஆக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் வரைபடத்திலேயே பேசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 34 ஆனால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும், அதே 10.6 சுற்றில் மேற்பரப்பு 1130க்கு ஏறும், ஸ்பிண்டிலை 12000இல் வைத்தால் ஃபீடைத் தொடாமலேயே 0.047, கிட்டத்தட்ட 0.05 வந்துவிடும்.